தனித்திருப்பவருக்கும் ஜமாஅத் உண்டு



மங்கலம்பேட்டை போன்ற நம் ஊர்களில், "எனக்குக் கூட்டமே ஒத்துக்கொள்ளாது. நானுண்டு, என் தொழுகையுண்டு. ஜமாஅத் வம்பு எனக்கெதற்கு?" என்று ஒதுங்கும் நல்லவர்கள் சிலர் உண்டு. அவர்களைப் பழிக்க நாம் இதை எழுதவில்லை. கூட்டத்தில் எழும் கூச்சலும் கோஷ்டிப் பேச்சும் நம்மில் பலருக்கும் மனச்சங்கடம் தருபவைதாம்.

தனிமையை நாடிய பெரியோர்களும் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095ல் பக்தாது நிஜாமிய்யா மதரஸாவின் உயர்ந்த பதவியைத் துறந்து வெளியேறினார்கள். தனித்திருத்தலின் நன்மை தீமைகளை எடைபோட, தம் இஹ்யாவில் தனிப் பாடமே அமைத்தார்கள். அவர்களே 1106ல் நைசாப்பூரில் மீண்டும் பாடம் நடத்த வந்தமர்ந்தார்கள். ஆகவே தனிமை குற்றமல்ல. அதைச் சாக்காக்கிக் கடமையை நழுவ விடுவதே குற்றம்.

"எவனோ செய்த தவறுக்கு நான் பொறுப்பா?" என்று கேட்கலாம். ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்பது திருமறையின் தீர்ப்பு (6:164). ஆனால் அதே திருமறை, அநியாயம் செய்தவர்களை மட்டுமே பிடிப்பதோடு நின்றுவிடாத சோதனையைப் பற்றியும் எச்சரிக்கிறது (8:25). பிறர் செய்த பாவம் நம்முடையதன்று. தடுக்க முடிந்தும் வாளாவிருந்தது நம்முடையது. கப்பலின் கீழ்த்தட்டில் துளையிடுவோரை மேல்தட்டார் தடுக்காவிட்டால் அனைவருமே மூழ்குவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் உவமை கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. விருத்தாசலத்துப் பீங்கான் சூளையை அறிந்தவர்களுக்கும் இது விளங்கும். ஈரம் காயாத ஒரு பொம்மை வெடித்தால், அதன் சில்லு பக்கத்திலுள்ள நல்ல பொம்மையையும் கெடுத்துவிடும்.

பர்ளு கிபாயாவின் சட்டத்தைக் கவனியுங்கள். ஜனாஸாத் தொழுகையைச் சிலர் நிறைவேற்றினால் எல்லோர் கடமையும் நீங்கும். ஒருவருமே செய்யாவிட்டால் ஊரே குற்றவாளியாகும். பெண் மய்யித்தைக் குளிப்பாட்டும் பொறுப்புக்குப் பெண்கள் முன்வர வேண்டும். யாராயினும் தம் மய்யித்தைத் தாமே சுமந்து கபர்ஸ்தானுக்குப் போக முடியுமா? நாளை நமக்குத் தேவைப்படும் தோள்களுக்கு இன்று நாம் தோள் கொடுக்க வேண்டாமா?

இன்னொன்று. வீட்டின் மூலையில் தன்னந்தனியே தொழுதாலும் பாத்திஹாவில் நாம் "வணங்குகிறேன்" என்பதில்லை. "வணங்குகிறோம்" என்றே சொல்கிறோம். தனித்து நிற்பவர் நாவிலும் அல்லாஹ் ஜமாஅத்தை வைத்திருக்கிறான்!

கூச்சமுள்ளவர் மேடையேற வேண்டியதில்லை. நிர்வாகப் பதவியும் வேண்டாம். ஒரு வேளைத் தொழுகையையேனும் ஜமாஅத்தோடு தொழுது பழகட்டும். பிறகு மற்ற வேளைகளும் எளிதாகும். பக்கத்து வீட்டு நோயாளியை விசாரிக்கட்டும். தவறு கண்டால் தனியே அழைத்து இதமாகச் சொல்லட்டும். மக்களோடு கலந்து அவர்களின் தொல்லையைப் பொறுப்பவர், கலவாதவரைவிடக் கூடுதல் கூலி பெறுவார் என்பது நபிமொழி (இப்னு மாஜா). ஜமாஅத்தாரும் அத்தகையோர் அஞ்சாமல் வந்தமரும்படி சபையில் பேச்சைக் காத்துக்கொள்வார்களாக!

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை ஒன்றிணைத்து அருள்வானாக! ஆமீன்.