சான்றிதழை வாடகைக்கு விடலாமா?

பி.ஃபார்ம் படித்தவர் வேறெங்கோ வேலை பார்ப்பார். அவருடைய சான்றிதழ் மட்டும் ஒரு மெடிக்கல் கடைச் சுவரில் தொங்கும். மாதாமாதம் பணம் வந்துவிடும். கேட்டால், "என் படிப்பு, என் காகிதம், கடைக்காரருக்கும் சம்மதம்" என்பார்.

மருந்து வாங்க வருபவரிடம் சம்மதம் கேட்டாரா?

மருத்துவர் எழுதிய மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநரே வழங்க வேண்டும் என்கிறது 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவு. மருந்து மாறினால், அளவு கூடினால் கண்டுபிடித்துத் தடுப்பது அவர் பொறுப்பு. சான்றிதழைப் பார்ப்பவர் அவர் கடையில் இருக்கிறார் என்றே நம்புவார்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள் (முஸ்லிம்). சுவரில் தொங்கும் சான்றிதழ் மேலே தெரியும் காய்ந்த தானியம். மருந்தாளுநர் இல்லாத கடை உள்ளே மறைந்த ஈரம்.

செய்த வேலைக்குக் கூலி ஹலால். செய்யாத வேலைக்கு வரும் இந்தப் பணம் எதற்கான கூலி? பாவத்துக்குத் துணைபோவதைத் தடுக்கும் இறைவசனம் (5:2) கடைக்காரருக்கும் பொருந்தும். ஒப்பந்ததாரருக்குக் கையெழுத்தை மட்டும் விற்கும் பொறியாளருக்கும் பொருந்தும்.

சகோதரரே, அந்தக் கடையில் நின்று வேலை செய்யுங்கள். முடியாவிட்டால் இந்த மாதமே சான்றிதழைத் திரும்ப வாங்குங்கள். கல்வியும் ஓர் அமானிதம். அதைப் பேணி, ஹலாலான வருவாயில் வாழ வல்ல ரஹ்மான் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.