இயர்பட்: பொருத்தமும் ஒலியளவும்

அரியாங்குப்பத்தில் கடலூர்ச் சாலைப் பேருந்தில் ஏறுவோர் பலரின் காதுகளில் கம்பியில்லா இயர்பட்களைக் காண்கிறோம். அவற்றின் ரப்பர் முனை தளர்வாக இருந்தால் வண்டியிரைச்சல் காதினுள் புகும். அதை வெல்லவே நாம் ஒலியைக் கூட்டுகிறோம். ஆகவே, காதுக்குப் பொருந்தும் முனையைத் தேர்வதே முதற்காப்பு. ஆயினும், சாலையைக் கடக்கையில் கழற்றிவிடுதல் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் எனில் 4 மணி நேரமே. கைபேசியின் ஒலியளவை 60 விழுக்காட்டுக்குள் வைத்தல் நன்று.

பேட்டரி நீடிக்கும் நேரம் செவி தாங்கும் நேரமன்று. உட்செவியில் அழிந்த மயிர்ச்செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. காதில் இரைச்சல் நீடித்தாலோ, சீழ் வடிந்தாலோ, கருவியை விலக்கிக் காது மருத்துவரை நாடுமாறு வேண்டுகிறோம்.