விரல் அறியும் கனம்

திருப்பூரில் பனியன் துணி வாங்க வருபவர் முதலில் என்ன செய்கிறார்? துணியை விரல்களுக்கு நடுவே வைத்துத் தடவிப் பார்க்கிறார். அத்துடன் நிற்பதில்லை. 100 சதுர செ.மீ. பரப்புள்ள வட்டத் துண்டை வெட்டித் தராசில் வைக்கிறார். அது 1.8 கிராம் இருந்தால், துணி 180 ஜி.எஸ்.எம். அதாவது, ஒரு சதுர மீட்டரின் எடை 180 கிராம். ஆனால், 180 ஜி.எஸ்.எம். உள்ள இரு துணிகளில் ஒன்று மெத்தென்றும் மற்றொன்று மொரமொரப்பாகவும் இருக்கலாம். எண் ஒன்று, உணர்வு வேறு!

இசைக்கருவியின் கட்டைகளிலும் இதே புதிர் உண்டு. கீபோர்டில் நன்கு பழகிய மாணவர் பியானோ முன் அமர்ந்தால், மெல்ல வாசிக்க வேண்டிய இடங்களில் ஒலியே எழாமல் போகிறது. பியானோ பழகியவர் கீபோர்டைத் தொட்டாலோ, கட்டைகள் விரலுக்கு முன்பே இறங்கிவிடுகின்றன. காரணம் என்ன?

மூன்று வகைக் கட்டைகள்

ஆர்மோனியத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கட்டை, காற்று செல்லும் துளையைத் திறக்கும் மூடி மட்டுமே. ஓங்கி அழுத்தினாலும் ஒலி பெருகாது; ஒலியின் அளவைத் தீர்மானிப்பது துருத்தி.

பியானோவில் அப்படியல்ல. இத்தாலியில் 1700ஆம் ஆண்டை ஒட்டிக் கிறிஸ்டோஃபோரி உருவாக்கிய இக்கருவியில், கட்டை ஒரு நெம்புகோல். அதன் மறுமுனை ஒரு சுத்தியலை எறிகிறது. சுத்தியல் கம்பியைத் தட்டுகிறது. கட்டையைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகத்தில் சுத்தியல் பாய்கிறது. வேகம் கூடினால் ஒலியும் கூடும்.

தாளமும் பக்கவாத்தியமும் தானே தரும் 'அரேஞ்சர்' கீபோர்டில் கம்பியும் இல்லை, பெரும்பாலும் சுத்தியலும் இல்லை. கட்டையைத் தூக்கி நிறுத்துவது ஒரு சுருள்வில். கட்டைக்கு அடியில் இரு மின்தொடுமுனைகள் உள்ளன. முதலாவது தொட்டபின் இரண்டாவது தொட எவ்வளவு நேரமாகிறது என்று கருவி அளக்கிறது. இரண்டுக்கும் இடையே 3 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். அதைக் கடக்க 0.01 விநாடி ஆனால், வேகம் விநாடிக்கு 0.3 மீட்டர். 1983இல் வந்த 'மிடி' முறைப்படி இந்த வேகம் 1 முதல் 127 வரையுள்ள ஓர் எண்ணாகிறது. ஆகவே, கருவி அறிவது வேகத்தைத்தான். உங்கள் விரலின் பலத்தை அன்று.

காசு சோதனை

கீபோர்டை அணைத்துவிடுங்கள். வெள்ளைக் கட்டையின் முன்நுனியில் ஒரு செ.மீ.க்குக் குறையாத தடிமனுள்ள அழிரப்பரை வைத்து, அதன்மேல் பத்து ரூபாய்க் காசுகளை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். (பக்கத்துக் கட்டைகளில் காசு இடிக்காமலிருக்கவே இந்த ரப்பர், அதன் எடையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.) ஒரு காசு சுமார் 7.7 கிராம்.

சுருள்வில் கட்டை பெரும்பாலும் சிறிது இறங்கி நிற்கும். இன்னொரு காசு வைத்தால் இன்னும் சிறிது இறங்கும். இது ஹூக் விதி: இறங்கும் தூரம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும். பியானோக் கட்டையோ 50 கிராம் அளவு வரும்வரை அசையாது. பிறகு மெல்ல இறங்கிக்கொண்டே போகும்.

இன்னும் ஒரு வேறுபாட்டைக் காசு காட்டாது. சுத்தியலுக்கு நிறை உண்டு. நிறைக்கு நிலைமம் உண்டு. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, எவ்வளவு விரைவாக வேகமூட்டுகிறோமோ அவ்வளவு விசை வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், சுருள்வில் தூரத்தை எதிர்க்கிறது. சுத்தியல் அவசரத்தை எதிர்க்கிறது. ஆகவே, காசுக் கணக்கில் இரண்டும் ஒத்திருந்தாலும் விரல் ஏமாறாது.

எது சிறந்தது?

சுருள்வில் கட்டையைத் தாழ்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஆர்கன், நாதஸ்வரம் போன்ற ஒலிகளை விரைந்து வாசிக்க இலேசான கட்டையே வசதி. தூக்கிச் செல்லவும் எளிது: 61 கட்டைக் கீபோர்டுகள் பல ஐந்து கிலோ அளவிலேயே உள்ளன. 88 சுத்தியல் கட்டைகளோடு பக்கவாத்தியமும் தரும் யமஹா டி.ஜி.எக்ஸ்.-670 சுமார் 21 கிலோ! லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகளிலும் பியானோவும் மின்னணுக் கீபோர்டும் தனித்தனிப் பாடங்கள்தாம்.

ஆனால், பியானோ வாசிப்பதே உங்கள் நோக்கமானால், சுத்தியல் கட்டையில் பழகுவது நல்லது. 'டச்' அமைப்பை 'கடினம்' என்று மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அது வேகத்துக்குரிய ஒலி அளவை மாற்றுமே தவிர, கட்டையின் கனத்தை மாற்றாது. வாங்குமுன் குரல்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல், கட்டைகளை வாசித்துப் பாருங்கள்.

செய்து பாருங்கள்: கீபோர்டில் ஒரே சுரத்தை மிக மெதுவாகவும் மிக வேகமாகவும் அழுத்துங்கள். ஒலியளவு மாறுகிறதா? மாறாவிட்டால், இந்த விஷயத்தில் அது எந்தக் கருவியை ஒத்திருக்கிறது? ஏன்?