தொட்டியும் அளவறிந்து உண்ண வேண்டும்

சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீரைக் காற்றுப் புகாத தொட்டியில் புளிக்கவிட்டால் எரிவாயு கிடைக்கும். அங்கே ஒருவகை நுண்ணுயிர்கள் மாவுப்பொருளை அமிலமாக்குகின்றன. மற்றொரு வகை அவ்வமிலத்தை மீதேன் வாயுவாக்குகின்றன. முன்னவை வேகமானவை, பின்னவை மெதுவானவை. ஆகவே, மிகுந்த வாயுவை விரும்பி ஒரேயடியாகக் கழிவுநீரை நிரப்பினால், அமிலம் தேங்கி வாயு குன்றிவிடும். மீதேன் நுண்ணுயிர்கள் மடிந்தால் மீண்டும் பெருகப் பல வாரங்கள் ஆகும். அதுவரை விறகுச் செலவு நம்முடையதே.

வெப்பம் 35 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியும், பி.எச். எண் 6.8 முதல் 7.2 வரையும் இருத்தல் நலம். எண் இறங்கினால் கழிவுநீர் விடுவதைக் குறைத்து, சுண்ணாம்புநீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

அங்கத்தினர்களே! விட்ட நீர், வெப்பம், பி.எச். எண், கிடைத்த வாயு ஆகிய நான்கையும் நாள்தோறும் பதிவேட்டில் எழுதி வாருங்கள். நஷ்டம் வருமுன் பதிவேடே எச்சரிக்கும்.