பித்தப்பைத் திசு அறிக்கை: பெறத் தவறாதீர்

பித்தப்பைக் கற்களுக்கான அறுவை சிகிச்சை முடிந்ததும், எடுத்த கற்களைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்புவோர் பலர். அகற்றப்பட்ட பித்தப்பை நோய்க்குறியியல் ஆய்வகத்திற்கு அனுப்பப்படுவதையும், அதன் அறிக்கை சில நாட்கள் கழித்தே வரும் என்பதையும் அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஸ்கேனில் கற்கள் மட்டுமே தெரிந்த சிலருக்குப் புற்றுநோய் இருப்பது, இந்த அறிக்கையில்தான் முதன்முதலில் தெரியவருகிறது.

தொடக்க நிலையில் இந்நோய்க்கெனத் தனி அறிகுறி இல்லை. மேல்வயிற்று வலியும் குமட்டலும் கற்களாலும் உண்டாகும். மஞ்சள் காமாலையும் உடல் மெலிவும் தோன்றும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

நுண்ணோக்கியில் நாங்கள் பார்ப்பவை யாவை?

முதலாவது, நோயின் வகை. பித்தப்பைப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை, உட்படலத்தின் சுரப்பிச் செல்களில் தோன்றும் அடினோகார்சினோமா வகையாகும். செல்கள் இயல்பான அமைப்பை எவ்வளவு இழந்துள்ளனவோ, அவ்வளவு தீவிரமானதாக நோய் மதிப்பிடப்படும்.

இரண்டாவது, நோய் பரவிய ஆழம். பித்தப்பையின் சுவர் மெல்லியது. உட்படலத்தை அடுத்துத் தசை அடுக்கு, அதற்கு வெளியே இணைப்புத் திசு; கல்லீரலை ஒட்டிய பக்கத்தில் வெளியுறையும் இல்லை. நோய் உட்படலத்துடன் நின்று, வெட்டிய விளிம்பிலும் நோய் இல்லையெனில், பித்தப்பையை அகற்றியதே பெரும்பாலும் போதுமான சிகிச்சை. தசையையோ அதற்கு அப்பாலோ எட்டியிருப்பின், அருகிலுள்ள கல்லீரல் பகுதியையும் நிணநீர்க் கணுக்களையும் அகற்றும் இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைப்படலாம். சில மில்லிமீட்டர் தடிமனுக்குள் சிகிச்சையே மாறிவிடுகிறது.

நெடுநாள் அழற்சியில் உட்படலம் தசைக்குள் மடிந்து இறங்குவதுண்டு. அது புற்றுநோய் போலத் தோற்றமளிக்கலாம். ஐயம் எழும்போது கூடுதல் துண்டுகளை எடுத்து மீண்டும் ஆராய்வோம். ஆகவே, அறிக்கை தாமதமானால் அதைத் தீய செய்தி என்று கருத வேண்டியதில்லை.

நோயாளிகளும் குடும்பத்தினரும் செய்ய வேண்டியவை:

• வீடு திரும்பும் முன், அறிக்கை கிடைக்கும் நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.
• அறிக்கையை அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டி, நோயின் வகை, ஆழம், விளிம்பு ஆகியவற்றை விளக்கக் கேளுங்கள்.
• வேறு மருத்துவமனைக்குச் செல்வதாயின், கண்ணாடிச் சில்லுகளையும் மெழுகுக் கட்டிகளையும் கேட்டுப் பெற்று உடன் கொண்டு செல்லுங்கள்.

பெரும்பாலான அறிக்கைகள் வெறும் அழற்சி என்றே கூறும். அதனை உறுதிசெய்துகொண்ட பின்னரே சிகிச்சை நிறைவடைந்ததாகக் கொள்ளுங்கள்.