ஆர்டர் படிவத்தை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

கடைகடையாகச் சென்று ஆர்டர் எடுக்கும் தம்பிமார்களில் பலர் இப்போது சிட்டைப் புத்தகம் கொண்டு போவதில்லை. கைபேசியில் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புகிறார்கள். அது நம் கணினி ஏட்டில் வரிசையாக வந்து சேர்கிறது. வசதிதான். ஆனால் சிட்டையில் ஓர் எண்ணை அடித்து எழுதினால் அடித்த தடம் தெரியும். கணினியில் தெரியாது. இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

2022 ஜூலை 18 முதல், பெயரிட்டுப் பொட்டலமிட்ட அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றில் 25 கிலோ வரையிலான பைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது நினைவிருக்கும். அதற்கு மேற்பட்ட எடைக்கு வரியில்லை. உடனே ஆலைகள் 26 கிலோ சிப்பம் அனுப்பத் தொடங்கின. எங்கள் படிவத்தில் "எத்தனை சிப்பம்?" என்ற கேள்வி மட்டுமே இருந்தது. சிப்பம் என்றால் 25 கிலோ என்பது ஏட்டின் கணக்குச் சூத்திரத்துக்குள் இருந்தது. கணினி பார்க்கும் பையன் 25ஐ 26 ஆக்கினான். ஓர் எண்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த ஓர் எண் பழைய மாதங்களையும் சேர்த்து மாற்றிவிட்டது. முன்பு விற்ற 600 சிப்பம் 15,000 கிலோவாக இருந்தது 15,600 ஆனது. கிட்டங்கியில் உள்ள சரக்கும் ஏட்டு இருப்பும் ஒத்துப்போகவில்லை. அதைவிட மோசம், கிட்டங்கியில் மீதியிருந்த 25 கிலோ சிப்பங்களும் 26 கிலோ என்றே பில் ஆயின. இருபது ஆண்டுகளாக எங்களிடம் வாங்கும் ஒரு கடைக்காரர் பத்துச் சிப்பத்தையும் தராசில் ஏற்றிக் காட்டி, "என்ன அண்ணாச்சி, 260க்குப் பில், 250தானே நிற்கிறது?" என்றார். பத்துக் கிலோவை ஈடு செய்துவிடலாம். அந்தப் பார்வையை எப்படி ஈடு செய்வது? வரியில்லை என்று பில் போட்ட 25 கிலோ சிப்பங்களுக்கு 5 சதவீதத்தையும் நானே கட்டினேன்.

பிறகு 25க்கு ஒரு கட்டம், 26க்கு ஒரு கட்டம் என்று படிவத்தைத் திருத்தினோம். கிராமத்துப் பக்கம் போயிருந்த தம்பியின் கைபேசியில் மூன்று நாள் பழைய படிவமே இருந்தது. அவன் அனுப்பிய ஆர்டர்களில் புதிய கட்டங்கள் காலி. ஏடு அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. சந்தை நாளில் நான்கு கடைகளுக்கு அரிசி போகவில்லை.

இப்போது நாங்கள் செய்வது இது. இருக்கிற கேள்வியின் பொருளை மாற்றுவதில்லை. புதிய கேள்வி சேர்ப்போம். பழையதை நிறுத்தி வைப்போம், அழிப்பதில்லை. எடையைச் சூத்திரத்தில் ஒளித்து வைக்காமல் ஒவ்வொரு ஆர்டர் வரியிலும் எழுதிவிடுகிறோம். சரக்குப் பெயரிலும் கை வைப்பதில்லை. "து.பருப்பு" என்றிருந்ததைப் பாதியில் "துவரம் பருப்பு" என்றாக்கினால் ஒரே சரக்கு இரண்டு சரக்காக நிற்கும்.

ஒவ்வொரு படிவத்துக்கும் பதிப்பு எண் உண்டு. ஓ.டி.கே. என்ற இலவசச் செயலியில் இதற்கென்றே இடம் இருக்கிறது. ஆண்டு, மாதம், நாள், அன்றைய வரிசை எண் சேர்த்து 2022090101 என்பதுபோல இடுவது அங்கே வழக்கம். அந்த எண் வரும் ஆர்டரோடு ஒட்டிக்கொண்டே வருவதால், பழைய படிவத்தில் எழுதியது எது என்று உடனே பிரித்துவிடலாம். மாற்றத்தை இரவுக் கணக்கு முடிந்த பின்னரே செய்யுங்கள். அனுப்பாத ஆர்டர் எந்தக் கைபேசியிலும் தேங்கவில்லை என்று பார்த்து, முதலில் ஒரே ஒரு கைபேசியில் சோதித்துவிட்டு மற்றவற்றுக்குக் கொடுங்கள்.

பழைய படிவத்தை அச்செடுத்து, மாற்றிய தேதியும் காரணமும் எழுதிக் கோப்பில் வையுங்கள். ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு அறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும். அத்தனை நாள் கழித்து ஒருவர் "இந்தச் சிப்பம் எத்தனை கிலோ?" என்று கேட்டால், அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.