குத்துச்சண்டையிற் காலின் தொழில்

தேகப்பயிற்சி என்றவுடன் நம் மாணவருட் பலர் புயத்தையும் மார்பையுமே நினைக்கின்றனர். குத்துச்சண்டை என்றாலோ முஷ்டியொன்றே அவர் கண்முன் நிற்கும். ஆயினும் அக்கலையை ஒரு வாத்தியாரிடம் முறையாகப் பயிலச் செல்வோன் முதற்கண் கற்பது குத்துதலன்று. நிற்றலும் அடியெடுத்து வைத்தலுமேயாம். கையின் வலி காலிலிருந்து பிறப்பது என்பதும், அக்கையை அடக்கியாள்வது விதி என்பதும் அறியப்படாமையாலேயே இக்கலை அடிதடியோடு ஒன்றாக எண்ணப்பட்டு இகழப்படுகிறது. கொடுங்கையூர் என்றால் பிறர்க்குக் குப்பைமேடு ஒன்றே நினைவுக்கு வருதல் போல, வடசென்னைக் குத்துச்சண்டை என்றால் கலகமே நினைவுக்கு வருகிறது. யான் கொடுங்கையூரிலேயே வளர்ந்தவனாதலின், இவ்விரண்டனுள் பின்னதைப் பற்றியேனும் சிறிது எழுதுதல் கடனென எண்ணினேன்.

மற்போர் தமிழர்க்குப் புதிதன்று. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 80ஆம் பாட்டாக உள்ளது. நம் வகுப்பில் அதனைப் படிக்குங்கால் தந்தையாகிய தித்தன் அக்காட்சியைக் கண்டிலனே என்னும் இரக்கத்தையே பெரிதும் பாராட்டுகிறோம். யான் வேறொன்றைச் சுட்ட விரும்புகிறேன். புலவர் அங்கே கையின் செயலை முன்வைக்கவில்லை. ஒரு கால் மல்லனது மார்பின்மேல் ஊன்றியதையும், மற்றைக் கால் அவன் செய்த உபாயத்தைத் தடுத்துப் பின்புறம் சென்றதையும் பிரித்துக் காட்டுகிறார். களத்தின் அருகே நின்று கண்டவர்க்கன்றி இந்நுட்பம் புலப்படாது. வெற்றி காலில் உள்ளதென்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

இனி, கையுறை அணிந்து ஆடும் மேனாட்டுக் குத்துச்சண்டை சென்னைக்கு வந்த வழி துறைமுகத்தின் வழியே எனலாம். ஆங்கிலச் சிப்பாய்களும், கப்பல்களில் வந்திறங்கிய மாலுமிகளும், ஆங்கிலோ இந்தியரும் ஆடியதைக் கண்டு, இராயபுரம், காசிமேடு முதலிய பகுதிகளின் மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். அவரிடையே சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை எனப் பிரிவுகள் தோன்றின. பரம்பரை என்னும் சொல் இங்கே ஆராயத்தக்கது. அகராதி கூறும் குலவழி இங்குப் பொருளன்று. வாத்தியார் வழி மாணவர் என வரும் தொடர்ச்சியே பொருளாம். பிறப்பால் வேறுபட்டோர் ஒரு பரம்பரையினராதலும், ஒரே தெருவினர் இரு பரம்பரையினராதலும் இதனால் இயன்றன. சாதி கேட்கப்படும் நாட்டில், ‘நீ எவரிடம் கற்றாய்?’ என்று மட்டும் கேட்கப்பட்ட இடமொன்று இருந்தது சிறிய செய்தியன்று. 1940களில் கித்தேரி முத்து என்னும் சார்பட்டா வீரர் நாட் டெரி என்னும் ஆங்கிலோ இந்திய வீரரை வென்ற கதையை வடசென்னை முதியோர் இன்னும் சொல்லுகின்றனர். 1980இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப்போர் ஆடினார். 2021இல் பா. இரஞ்சித் இயக்கி வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ என்னும் திரைப்படத்தால் இப்பெயர்கள் தமிழகமெங்கும் பரவின. ஆயினும் திரையிற் கண்டோர் குத்துகளையே எண்ணினர், அடிகளை எண்ணினாரிலர்.

விதிகளைச் சிறிது காண்போம். தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆடப்பட்ட முஷ்டிப்போர்க்குக் கையுறையும் இல்லை, கால வரையறையும் இல்லை. 1743இல் ஜாக் பிராட்டன் என்னும் வீரரே முதலில் விதிகளை எழுதினார். கீழே விழுந்தவனை அடித்தலாகாது, இடுப்பின்கீழ்ப் பற்றுதலாகாது, விழுந்தவன் எழுந்து களத்தின் நடுவிற்கு வர அரை நிமிடம் தரல் வேண்டும் என்பன அவற்றுள் தலையாயவை. பயிற்சியின்போது அணிதற்குரிய பஞ்சுறைகளையும் அவரே புகுத்தினார். பின்னர் 1867இல் குவீன்ஸ்பரி பிரபுவின் பெயரால் வெளிவந்த விதிகளே இன்றைய ஆட்டத்திற்கு அடிப்படை. மூன்று நிமிடம் ஒரு சுற்று, சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே ஒரு நிமிட ஓய்வு, வீழ்ந்தவன் பத்து விநாடிக்குள் எழுதல், கையுறை அணிதல், கட்டிப்பிடித்து மல்லாடாமை: இவை அனைத்தும் அவ்விதிகளில் உள்ளவை. அவ்விதிகளை உண்மையில் எழுதியவர் ஜான் கிரகாம் சேம்பர்ஸ் என்பவர், பெயரோ பிரபுவினுடையதாயிற்று. நூல் செய்தார் ஒருவர், பெயர் பெற்றார் ஒருவர் என்பது நம் இலக்கிய வரலாற்றிலும் காணாததன்று!

இன்று தொழில்முறையல்லாத போட்டிகளில் மூன்று சுற்றுகளே உண்டு. கயிறுகளுக்கு உட்பட்ட களம் ஏறத்தாழ இருபதடிச் சதுரம். பட்டைக்குக் கீழும், முதுகிலும், பிடரியிலும் குத்துதல் குற்றம். திறந்த கையாற் குத்துதலும் குற்றமே. கையுறையின் முட்டிப் பகுதி படுவதே கணக்கிற் கொள்ளப்படும். நடுவர் ‘நிறுத்து’ என்றால் ஓங்கிய கையும் அந்நிலையிலேயே நிற்றல் வேண்டும். தெருச்சண்டையில் இல்லாததும் களத்தில் உள்ளதும் இவ்வொன்றே என்று எனக்குத் தோன்றுகிறது. சினம் மிக்க நேரத்தில், வெல்லும் வாய்ப்பு எதிரே நிற்கையில், பிறன் ஒருவன் சொன்ன ஒரு சொல்லுக்குக் கை கட்டுப்படுவது எளிய காரியமா? தெருவில் அச்சொல்லைச் சொல்வாரும் இலர், கேட்பாரும் இலர்.

நிலையைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். வலக்கைப் பழக்கமுள்ளவன் இடக்கால் முன்னாகவும் வலக்கால் பின்னாகவும், தோளகலம் இடைவெளிவிட்டு நிற்பான். இரு காலும் ஒரே கோட்டில் அமைந்தால் பக்கத்திலிருந்து ஒரு தள்ளு போதும், வீழ்வான். ஆதலின் பின்கால் சற்று வலப்புறம் விலகியிருக்கும். பின்குதிகால் நிலத்தினின்று சிறிது எழும், முழங்கால்கள் இளகியிருக்கும், மோவாய் தாழ்ந்து தோளை நாடும், முழங்கைகள் விலாவைக் காக்கும், கைகள் கன்னத்தின் அருகே நிற்கும். உடலின் பாரம் இரு காலுக்கும் நடுவே வீழ்தல் வேண்டும் என்பதே இவ்வளவுக்கும் காரணம். பாரம் காற்பரப்பிற்கு வெளியே சென்றால், எத்துணை வலியனும் சாய்வான்.

நடையின் விதி ஒன்றே: எத்திசை செல்ல வேண்டுமோ அத்திசைக்கு அருகிலுள்ள கால் முதலிற் பெயர்க. முன் செல்ல முன்கால், பின் செல்லப் பின்கால், இடம் செல்ல இடக்கால், வலம் செல்ல வலக்கால். மற்றைக் கால் அதே அளவு தொடர்ந்து வந்து பழைய இடைவெளியை நிறுத்தும். காலொடு கால் பின்னுதலும், இரு கால் ஒன்றுசேர்தலும் பெருங்குற்றங்கள். சொல்லிக் கேட்கையில் இது குழந்தைகள் கற்பது போலிருக்கும். ஆனால் நாம் பிறந்தது முதல் பழகிய நடையோ ஒரு காலை மற்றொரு கால் கடந்து செல்லும் நடை. அதனை மறந்து புதுநடை பழகப் பல வாரங்கள் செல்லும். எங்கள் பகுதியில் மொட்டைமாடியிற் சுண்ணாம்பாற் கோடு கிழித்து, அதன்மேல் முன்னும் பின்னும் இழைந்து செல்லுமாறு சிறுவரைப் பழக்கும் வழக்கம் உண்டு. குத்துதற்கு எந்நாள் விடுவார் என்று அவர் ஏங்குவர். வாத்தியார் அசையார்.

குத்து பிறக்குமாற்றைக் காண்க. வலக்கையால் நேரே குத்தும் ‘கிராஸ்’ என்பதில், பின்காலின் முன்பாதம் நிலத்தை உதைக்கிறது. நியூட்டன் கூறிய மூன்றாம் விதிப்படி நிலம் அதே அளவு எதிர்த்துத் தள்ளுகிறது. அவ்வுந்துதல் முழங்கால் வழியே ஏறி, இடுப்பு திரும்ப, தோள் திரும்ப, இறுதியிற் கை நீள்கிறது. கை செய்வது, வந்த பொருளைச் சேர்ப்பித்தல் மாத்திரமே. தபாற்காரன் கடிதம் எழுதுவதில்லை அன்றோ! முன்கையால் விரைந்து நீட்டி, சென்ற வழியே விரைந்து மீட்கும் ‘ஜேப்’, பக்கவாட்டில் வளைந்துவரும் ‘ஹூக்’, கீழிருந்து எழும் ‘அப்பர்கட்’ ஆகிய மற்றைக் குத்துகளுக்கும் அடித்தளம் காலே. முஷ்டி பிடிப்பதிலும் முறை உண்டு. கட்டைவிரல் மடக்கிய விரல்களின் மேற்புறம் கிடக்க வேண்டும். உள்ளே மறைந்தால் முறியும். சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் முட்டிகளே இலக்கிற் படல் வேண்டும். பழகாதவன் சினத்தால் வீசும் குத்து சிறுவிரற் பக்கமாகச் சென்று படுவதால், அங்குள்ள உள்ளங்கை எலும்பு ஒடிகிறது. மருத்துவர் இதனைக் ‘குத்துச்சண்டைக்காரர் முறிவு’ என்று வழங்குகின்றனர். நன்கு பயின்ற வீரரிடம் அது அருகியே காணப்படுகிறது. சுவரைக் குத்துவோரிடமே மிகுதி!

பயிற்சிகளுள் கயிறு தாண்டுதல் முதலாவது. மூன்று நிமிடம் தாண்டி ஒரு நிமிடம் நின்றால், உடல் சுற்றின் அளவைத் தானே கற்றுக்கொள்கிறது. உயரக் குதித்தல் வேண்டா; கயிறு நுழையும் இடைவெளி போதும். அடுத்தது மணல்மூட்டை. அதற்கும் அடுத்தது, எதிரி இல்லாமலே எதிரி உள்ளதாக எண்ணி அடிவைத்தும் விலகியும் காற்றிற் குத்தும் பயிற்சி. பவுலடிகள் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தில், வெறும் ஆகாயத்தை அடிப்போரைப் போலத் தாம் போர் செய்வதில்லை என்கிறார். அங்கே கிரேக்க மூலத்தில் உள்ள சொல் முஷ்டிப்போரைக் குறிப்பது. நம் தமிழ் வேதாகமத்தார் அதனைச் சிலம்பம் என்று பெயர்த்தனர். தமிழ்நாட்டார்க்கு விளங்கும் விளையாட்டை வைத்துப் பெயர்த்தமை போற்றத்தக்கதே. அடிகள் கருத்து குறி தவறுதலைப் பற்றியதாகலின், பயிற்சிக்காகக் காற்றைக் குத்துவோர் அஞ்ச வேண்டுவதில்லை!

உடல் தேறிவருவதை அறிய எளிய அளவை ஒன்று உண்டு. சுற்று முடிந்ததும் மணிக்கட்டின் நாடியைப் பதினைந்து விநாடி எண்ணி நான்காற் பெருக்குக. ஒரு நிமிட ஓய்வின்பின் மீண்டும் எண்ணுக. பயிற்சி மிக மிக, இரண்டாம் எண் முதலெண்ணினின்று விரைந்து தாழும். மூச்சைப் பற்றியும் ஒரு சொல்: குத்தும்பொழுது மூச்சை வெளிவிடுக, அடக்கிக்கொண்டு குத்துவோன் ஒரே சுற்றிற் களைப்பான். எடைப் பிரிவிற்காக நீர் பருகாமலும், வெயிலிற் கனத்த உடை அணிந்து ஓடியும் உடலை வற்றச் செய்வோர் சிலர் உளர். சென்னைச் சித்திரை வெயிலில் அது உயிரோடு விளையாடுதலேயாம்.

இதுகாறும் கலையைப் புகழ்ந்தேன், மறைக்கலாகாதது ஒன்றுண்டு. மூளை மண்டையோட்டினுள் நீரிடையே மிதப்பது. தலை சடுதியில் திரும்பும்போது ஓடு முந்த, மூளை பிந்துகிறது. அத்திருகலில் நுண்ணிய நரம்பிழைகள் சிதைகின்றன. பல்லாண்டு குத்துண்ட வீரர் சிலர் நடை தள்ளாடி நினைவு மழுங்குவதை ஹாரிசன் மார்ட்லாந்து என்னும் அமெரிக்க மருத்துவர் 1928இலேயே எழுதினார். தலைக்கவசம் அணிந்தால் போதும் என்பர் பலர். கவசம் தோல் கிழியாமற் காக்கும். தலை திரும்புதலைத் தடாது. 2013 முதல் உயர்நிலை ஆடவர் போட்டிகளில் அது நீக்கப்பட்டு, 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடவர் கவசமின்றியே ஆடினர். கையுறையும் அவ்வாறே, அது கையைக் காப்பதுபோல் தலையைக் காப்பதில்லை. எனவே இக்கலை முற்றும் தீங்கற்றது என்று யான் சொல்லத் துணியேன். தலைக்குக் குத்தும் ஆட்டத்தைத் தவிர்த்து, நிலை, நடை, கயிறு, மூட்டை, காற்றுக்குத்து ஆகியவற்றை மட்டும் பயில்வார்க்கு இத்தீங்கு இல்லை. பயனோ ஏறத்தாழ முழுமையும் உண்டு. இணைந்து ஆடுவோரும் மெல்லத் தொடும் அளவோடு நிற்க வேண்டும். தலையில் அடிபட்டு மயங்கியவன் அன்றே மீண்டும் களம் புகுதல் கூடாது. மருத்துவர் இசைந்த பின்னரே புகலாம். வாத்தியாருள் நல்லாரை அறிவதற்கு யான் கொள்ளும் உரைகல்லும் இதுவே: மாணவன் ‘இன்னும் ஆடுவேன்’ என்று மன்றாடும்போது துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்துபவர் எவரோ, அவரிடம் பிள்ளையை அனுப்பலாம்.

சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி, உடலைப் பயிற்றுதலும் கல்வியே என்னும் கருத்தை இந்நாட்டிற் பரப்பியது. நம் கல்லூரியிலும் இப்பயிற்சியைத் தொடங்கப் பெருஞ்செலவு வேண்டா. மாலையில் அரை மணி நேரம், ஒரு கயிறு, ஒரு கடிகாரம், தரையிற் கிழித்த இருபதடிச் சதுரம் ஆகியவை போதும். முதல் இரு வாரம் இருவர் இருவராக எதிரெதிர் நின்று, ஒருவர் முன்னடி வைக்க மற்றவர் அதே அளவு பின்னடி வைத்து, இடைவெளி கூடாமலும் குறையாமலும் சதுரத்தைச் சுற்றிவருக. கைகள் கன்னத்தருகே இருக்கட்டும். மூன்றாம் வாரத்தில் மூட்டை கட்டலாம். கையுறையை அதற்குப் பின்னர் வாங்கலாம்.